வைனெல் பார்க்காமல் விட்ட வலப்பக்கம்

குதிரையின் வம்சத்தாளைக் கையில் கொடுத்தால் வைனெல் ஸ்டேகால் முதல் காரியமாகக் கட்டைவிரலை வைத்து அதன் மேல்பாதியை மறைத்துவிடுவாள். மேல்பாதியில் அச்சடித்திருப்பது தகப்பன் வழி. கீழ்ப்பாதியில் இருப்பது தாய் வழி.

"அப்பன் பேரை எவன் வேணா வாங்கிடலாம். அந்தப் பயலுக்கு வருஷத்துக்கு நூறு குட்டி, ஒண்ணோட மூஞ்சிகூட அவனுக்குத் தெரியாது. பெத்துப் பால் குடுத்துப் பக்கத்துல வெச்சு வளர்த்தாளே, அவ யாரு? அதைச் சொல்லு முதல்ல" என்பாள்.

அந்தத் தாய் எத்தனை குட்டி போட்டாள், அதில் எத்தனை ஓடின, ஓடியதில் எத்தனை நொண்டாமல் பத்து வயதைத் தாண்டின என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்த பிறகுதான் கட்டைவிரல் நகரும். விற்கிறவரிடம் பதில் இல்லையென்றால் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வெயில் ஜாஸ்தியா இருக்கு, நான் கிளம்புறேன்" என்பாள். சும்மா சொல்லக்கூடாது, ஓக்லஹோமாவில் எங்கள் கார்வின் கவுண்டியில் பீப்பாய்ப் பந்தயம் ஓடுகிற பெண்களில் பாதிப் பேர் அந்தக் கட்டைவிரலை நம்பிக் குதிரை வாங்கியவர்கள்தான்.

பந்தயம் ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. மண்தரையில் முக்கோணமாக மூன்று பீப்பாய். குதிரை பாய்ந்து வந்து ஒவ்வொன்றையும் சுற்றிவிட்டு வந்த வழியே பறக்க வேண்டும். மொத்தமே பதினேழு, பதினெட்டு விநாடி. முதல் பீப்பாயை வலப்பக்கமாகச் சுற்றினால் மற்ற இரண்டையும் இடப்பக்கமாகச் சுற்றியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் ஓடுவார்கள். ஆக, ஒரு வலது, இரண்டு இடது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைனெலின் நிம்மதியை ஆறு வருடம் குலைத்துப்போட்டது அந்த ஒரு வலதுதான்.

அவள் குதிரைக்கு லாடம் அடிப்பவரின் மகள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவோடு போய்க் குதிரைகளின் காலையே பார்த்து வளர்ந்தவள். ஒன்பது வயதில் ஓட ஆரம்பித்தாள். ஜூன் என்று ஒரு பெண்குதிரை; காது ஒன்று பாதி கிழிந்தது, பார்க்க அழகில்லை, ஆனால் திருப்பத்தில் தரையோடு தரையாகப் படிந்து சுற்றும். அதை வைத்து, ஜெயித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கிற பெல்ட் பக்கிள் ஏழு வாங்கினாள். ஏழும் இன்றைக்கும் சமையலறை ஜன்னலோரம் வரிசையாக இருக்கின்றன. பிறகு எரிவாயு லாரி ஓட்டுகிற ஹாலிஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். முப்பத்தொரு வயதில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டப் போனாள். பதினாலாம் நம்பர் பஸ். இப்போது அறுபத்தொன்று ஆகிறது, இன்னும் அதே பஸ்தான் ஓட்டுகிறாள். பிள்ளைகள் படியேறுகிற நடையை வைத்தே யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று சொல்லிவிடுவாள். "எல்லாம் பின்னங்கால்லயே தெரிஞ்சிடும்" என்பாள், பிள்ளைகளுக்கு இரண்டே கால்தான் என்பதை மறந்துபோய்.

தாள் பார்ப்பது பாதி வேலை. மீதிக்கு அவளிடம் ஒரு வாளி உண்டு. பழைய தகர வாளி. குதிரை பார்க்கப் போகிற இடத்தில் வட்டப் பட்டியின் வேலியோரம் அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். குட்டியின் மேல் யாரும் ஏறக் கூடாது, விரட்டக் கூடாது, அதுபாட்டுக்கு ஓடட்டும். ஓடுகிறபோது பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் எவ்வளவு தூரம் வருகிறது, நிற்கும்போது பின்பக்கத்தைத் தரையில் ஊன்றி நிற்கிறதா, முன்னங்காலைக் குத்தி நிற்கிறதா, வேலியைப் பார்த்துத் திரும்பும்போது தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, இடப்பக்கம் போகையில் இடது முன்னங்காலும் வலப்பக்கம் போகையில் வலது முன்னங்காலும் தானாக முந்துகிறதா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாள். பேச்சு மூச்சு இருக்காது. பிடிக்கவில்லையென்றால் எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவாள். பிடித்துவிட்டதென்றால் வாளியை நிமிர்த்தி, வாங்கப்போகிறவர் கையில் கொடுத்து, "இதுல தீவனம் போடு" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய தீர்ப்பு. இப்படி அவள் வாளி நிமிர்த்திக் கொடுத்த பதினோரு குதிரைகளில் பத்து, ஓடிச் சம்பாதித்து, கிழமாகி, நன்றாக இருந்தன.

பதினோராவதுதான் டீக்கன்.

டீக்கன் செவலை நிறம், காயடித்த குதிரை, அப்போது ஏழு வயது. அதைப் பார்க்கப் போனது ட்ரெஸ்ஸா கோவனுக்காக. ட்ரெஸ்ஸா பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை செய்கிறவள். ஆறு வயதிலிருந்து பதினாலாம் நம்பர் பஸ்ஸில் வந்தவள். வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகும் வைனெலை "மிஸ் வைனெல்" என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு வியாழக்கிழமை. குதிரை இருந்த இடம் ஒன்றரை மணி நேரத் தூரம். தாளைப் பார்த்தால், அடேயப்பா, மேலே கீழே இரண்டு பாதியும் மின்னியது. தாய் போட்ட ஆறு குட்டிகளும் ஓடியிருந்தன. வைனெல் வாளியில் உட்கார்ந்தாள். விற்கிற ஆள் குதிரையை இடப்பக்கமாக ஓடவிட்டார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திரும்பியது. "சரி, இப்ப வலது பக்கம் விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே முக்கால். இரண்டரைக்கு அவள் பஸ்ஸில் இருக்க வேண்டும். நாற்பத்திரண்டு பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்தது ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் திரும்பாமலா போய்விடும் என்று நினைத்தாள். வாளியை நிமிர்த்தி ட்ரெஸ்ஸாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஒன்றரை வருடம் டீக்கன் ஜோராக ஓடியது. பிறகு ஒரு செப்டம்பர் மாதம், ஒரு சின்ன ஊர் மைதானத்தில், முதல் பீப்பாயில், வலப்பக்கத் திருப்பத்தில் பின்னங்கால் வழுக்கிக் கீழே சாய்ந்தது. ட்ரெஸ்ஸா அடியில் மாட்டினாள். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. ஐந்து மாதம் படுக்கை. குதிரைக்கு ஒன்றுமில்லை.

செய்தி வந்தபோது வைனெல் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். வலப்பக்கம் என்றார்கள். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாளாம்.

அன்றோடு வாளி கொட்டகைக்குள் போயிற்று. யார் வந்து கூப்பிட்டாலும், "எனக்குக் கண்ணு சரியில்ல, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிடுவாள். கண்ணெல்லாம் கழுகுக் கண், பொய். ட்ரெஸ்ஸா படுத்திருந்த ஐந்து மாதமும் வாரத்துக்கு மூன்று நாள் கோழி நூடுல்ஸ் சட்டியோடு போய் நின்றாள். முதல் தடவை போனபோது கட்டிலோரம் உட்கார்ந்து, "என் தப்புடி கண்ணு. வலது பக்கம் பாக்காம வந்துட்டேன்" என்று அழுதாள். ட்ரெஸ்ஸா எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு போவதைக் குறைத்துக்கொண்டாள். டீக்கன் ட்ரெஸ்ஸாவின் வீட்டுப் புல்வெளியில்தான் இருந்தது. பஸ் தினமும் இரண்டு தடவை அந்த வழியாகத்தான் போகும். அந்த இடம் வந்தால் வைனெல் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஒரு மொட்டை வயல்! ஆறு வருடம் அந்த மொட்டை வயலைப் பார்த்துக்கொண்டு பஸ் ஓட்டினாள்.

அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு நன்றி சொல்வது வழக்கம். ஹாலிஸ் தினம் ஒன்று சொல்வார். மழைக்கு நன்றி, லாரி நடுவழியில் நிற்காததற்கு நன்றி, வெண்டைக்காய் மொறுமொறுப்பாக வந்ததற்கு நன்றி. வைனெல் ஆறு வருடமாக ஒரே வரிதான். "ட்ரெஸ்ஸா நடக்குறா. நன்றி ஆண்டவரே."

"வைனெல், அவருக்கே இது மனப்பாடம் ஆயிருக்கும்மா. வேற ஏதாவது சொல்லேன்" என்று ஹாலிஸ் ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"அவ நடக்குற வரைக்கும் இதான் சொல்வேன். நீங்க சோள ரொட்டிய இப்படித் தள்ளுங்க."

இந்த வருடம் மார்ச் மாதம், காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போகிற ஒரு மாலை, ட்ரெஸ்ஸா வந்து கதவைத் தட்டினாள். முப்பத்துநாலு வயது. நடையில் ஒரு சின்ன இழுப்பு, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வைனெலுக்கு அது மட்டும்தான் தெரியும்.

"மிஸ் வைனெல், டாக்டர் என்னை ஓடலாம்னு சொல்லிட்டாரு. டப் ஈஸ்லிகிட்ட ரெண்டு பெண்குதிரைக் குட்டி இருக்காம். சனிக்கிழமை போறேன். நீங்க வரணும்."

வைனெல், "எனக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"உங்க கண்ணைப் பத்தி எனக்குத் தெரியும். நேத்து நான் கடைவாசல்ல நின்னப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேந்து 'ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு'ன்னு கத்தினீங்களே, அதே கண்ணுதானே?"

ஹாலிஸ் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். வைனெல் அவரை முறைத்தாள்.

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போடி. நான் பாத்துக் குடுத்த லட்சணம்தான் தெரியுமே."

"நீங்க வாளி நிமிர்த்தினாத்தான் வாங்குவேன். இல்லன்னா நான் இனிமே ஓடவே போறதில்ல" என்றாள் ட்ரெஸ்ஸா. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேறு எதையோ சொல்ல வந்து விழுங்கியதுபோல் இருந்தது. வைனெல் அதைப் பார்த்தாள். பார்த்தும், இவள் பயப்படுகிறாள், பாவம், என்று தப்பாகக் கணக்குப் போட்டாள்.

சனிக்கிழமை காலை கொட்டகையிலிருந்து வாளி வெளியே வந்தது. உள்ளே எலி ஒன்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதைக் காலிபண்ணச் சொல்லி, கழுவி, ட்ரெஸ்ஸாவின் வண்டியில் வைத்தார்கள்.

டப் ஈஸ்லி எழுபது வயது மனிதர், நாற்பது வருடமாகக் குதிரை வளர்க்கிறவர். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் பேசுவார். பொய் மட்டும் பேசமாட்டார். வாசலிலேயே நின்று, "வாங்க வாங்க வைனெலம்மா! எங்க, செத்துப் போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்று வரவேற்றார்.

"உங்களைப் பாக்காம சாவேனா? தாளை எடுங்க."

இரண்டு தாள். முதலாவது சாம்பல் நிறக் குட்டி, இரண்டு வயது. மேல்பாதியில் இருந்த பேரைப் பார்த்தால் மூன்று மாநிலத்தில் ஆள் வந்து வாசலில் நிற்கும். கட்டைவிரலை வைத்து மறைத்ததும் கீழே கொஞ்சம் வெளிறியது. தாய்க்கு இது இரண்டாவது குட்டிதான், முதல் குட்டி ஓடவே இல்லை. இரண்டாவது தாள் பழுப்புக் குட்டிக்கு. நிக்கல் என்று கூப்பிடுகிறார்கள், அஞ்சு சென்ட் நாணயம் மாதிரி நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு. அப்பன் பேர் பக்கத்து ஊரில்கூடத் தெரியாது. ஆனால் கீழே?

"இவ அம்மாவுக்கு எத்தனை?"

"இவளைச் சேத்து அஞ்சு. முன்னாடி நாலும் ஓடிச்சு. மூத்ததுக்குப் பதினாலு வயசு, இன்னும் ஒரு சின்னப் பொண்ணைத் தூக்கிட்டு ஓடுது. ஒண்ணுகூட நொண்டல."

"பாட்டி?"

"பாட்டி என் கொட்டடியிலதான் செத்தா. இருபத்தெட்டு வயசுல. அன்னிக்குக் காலைல கூட வேலியத் தாண்டப் பாத்தா."

வைனெல் உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

சாம்பல் குட்டி முதலில் வந்தது. இடப்பக்கம் ஓடியபோது, கடவுளே, டீக்கனைப் பார்த்த மாதிரியே இருந்தது அவளுக்கு. அதே வழுக்கல், அதே அழகு. வலப்பக்கம் திரும்பியதும் தோள் உள்ளே சாய்ந்தது. முன்னங்கால் சரியாக முந்தியது, பின்னங்கால் மட்டும் பழைய பக்கத்திலேயே தங்கி, ஒரு குலுக்கல் விழுந்தது. கூர்ந்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. வைனெல் மூக்கைச் சொறிந்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும்.

பிறகு நிக்கல். அழகி என்று சொல்ல முடியாது. வயிறு சற்றுப் பெருத்து, பிடரிமயிர் கோணல்மாணலாக இருந்தது. இடப்பக்கம் சுமாராக ஓடியது. வேலியோரம் காற்றில் ஒரு சாக்கு படபடத்ததும் சட்டென்று நின்றது. பின்பக்கத்தைத் தரையில் ஊன்றி, முன்பக்கத்தைத் தூக்கி, வலப்பக்கமாகச் சுழன்று, வலது முன்னங்கால் முந்த, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. ட்ரெஸ்ஸாவின் கை தன்னையறியாமல் கடிவாளம் பிடிக்கிற மாதிரி உயர்ந்தது.

வாளி நிமிர வேண்டிய இடம் அதுதான். நிமிரவில்லை.

"இன்னொரு தடவை வலது பக்கம்" என்றாள் வைனெல்.

டப் விட்டார். சரியாகத்தான் போயிற்று.

"இன்னொரு தடவை."

கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி விட்டார். மறுபடியும் சரி. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று.

"இன்னும் ஒரே ஒரு தடவை, டப்."

"அம்மா தாயே, இது ரெண்டு வயசுக் குட்டி, ராட்டினம் இல்ல. கால் என்னத்துக்கு ஆகும்? இன்னிக்கு சனிக்கிழமைதானே, பஸ்கூடக் கிடையாதே. ஏன் பறக்குறீங்க, நாளைக்கு வந்துகூடப் பாக்கலாமே?" என்றார் டப். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். தலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு, குட்டிக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

வைனெல் வாளியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். குட்டி நல்ல குட்டி என்று ஐம்பது வருடக் கண் சொல்கிறது. சொன்ன கண்ணை அவளால் நம்ப முடியவில்லை. இதுவும் விழுந்தால்? இந்தப் பெண்ணின் இடுப்பில் இன்னும் இரும்பு இருக்கிறது. நம்மால் இனி முடியாது, எழுந்து போய்விடலாம் என்று முடிவுகட்டி வாளியைக் கவிழ்ந்தபடியே தூக்கினாள்.

"மிஸ் வைனெல், எங்க போறீங்க? அது நல்லாத்தானே திரும்புது?"

"திரும்புது. என்னால சொல்ல முடியலடி. அன்னிக்கு அவனை வலது பக்கம் விடச் சொல்லிப் பாத்திருந்தா நீ விழுந்திருக்க மாட்ட. அரை மணி நேரம். ஒரு அரை மணி நேரம் இருந்திருந்தாப் போதும்."

ட்ரெஸ்ஸா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் வலது பக்கம் நல்லாத்தான் திரும்புவான்" என்றாள்.

"என்ன?"

"டீக்கன். முதல்லேந்தே நல்லாத்தான் திரும்புவான், மிஸ் வைனெல். அந்த செப்டம்பர்ல அவனுக்குப் பின்னங்கால் முட்டி வீங்கியிருந்துச்சு. குதிரை டாக்டர் முப்பது நாள் ஓய்வுன்னாரு. நான் ஆறு நாள் குடுத்தேன். அடுத்த வாரத்துப் போட்டிய விட மனசில்ல. யார்கிட்டயும் சொல்லல, வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. கட்டு போட்டு மறைச்சு ஓட்டிட்டுப் போனேன். தப்பு உங்க மேல இல்ல. அவன் மேலயும் இல்ல."

வைனெல் கையில் வாளியோடு நின்றாள்.

"அப்ப ஏன்டி சொல்லல?"

"முதல்ல மருந்து மயக்கம். அப்புறம் நீங்க வந்து என் தப்பு என் தப்புன்னு அழுதீங்க. அந்த நிமிஷம் வாயத் தெறந்திருக்கணும். தெறக்கல. ஒரு நாள் விட்டா மறுநாள் இன்னும் கஷ்டமாயிடுது. அப்படியே ஆறு வருஷம் ஓடிடுச்சு. நீங்க எங்க வீட்டுப் பக்கம் வந்தா மூஞ்சியத் திருப்பிக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். ஜன்னல்லேந்து பாத்திருக்கேன்."

வைனெல் வாளியோடு போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ட்ரெஸ்ஸா டப்பிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினாள். இருபது நிமிடம் வண்டி ஓடியது. ரெட்பட் மரங்கள் சாலை நெடுக இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தன, யார் பார்த்தார்கள்?

திடீரென்று வைனெல் வெடித்தாள். "அஞ்சு மாசம்! வாரத்துக்கு மூணு சட்டி! கோழிய வேகவெச்சு, எலும்பு எடுத்து, மாவு பிசைஞ்சு, நூடுல்ஸ் வெட்டி... கையால வெட்டினேன்டி!"

"ரொம்ப நல்லா இருந்துச்சு, மிஸ் வைனெல்."

"வாய மூடு!"

"சரி."

"சட்டி ஒண்ணு திரும்பியே வரல. நீல மூடி போட்டது."

"எங்கிட்டதான் இருக்கு. அதைக் குடுக்க வந்தா எல்லாத்தையும் சொல்லிடுவேனோன்னு பயந்து..."

"வாய மூடுன்னேன்ல!"

ஆனால் மனசுக்குள் என்னமோ புரண்டது. கோபம்தான் என்று முதலில் நினைத்தாள். கோபம் பொங்கி வடிந்த பிறகும் அது புரண்டுகொண்டே இருந்தது. ஆறு வருடமாக நெஞ்சின் மேல் குந்தியிருந்த ஒன்று எழுந்து போகிறது. அட ஆண்டவரே, நான் இவளைத் தள்ளிவிடவில்லை. நான் இல்லை! நன்றி, நன்றி என்று உள்ளே ஏதோ கைதட்டியது. சொல்லாமல் இருந்ததற்கு இவளை அறையலாம். இன்றைக்கு இவள் சொன்னதற்கோ காலில் விழலாம். சொல்லாமலே ஒரு குதிரையை வாங்கிக்கொண்டு போயிருக்க முடியும் இவளால். யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

"டீக்கன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"குண்டா இருக்கான். முப்பது நாள் ஓய்வு குடுக்காததுக்கு ஆறு வருஷமாக் குடுத்துட்டேன்ல."

"நான் அவனைப் பாக்கணும்."

ட்ரெஸ்ஸாவின் வீட்டுப் புல்வெளிக் கதவருகே வண்டி நின்றது. வைனெல் இறங்கினாள். டீக்கன் தூரத்து மூலையில் மேய்ந்துகொண்டிருந்தது. பதினாலு வயது, வயிறு பீப்பாய்போல். அதற்கும் கதவுக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டி.

வைனெல் வாளிக்குள் ஒரு கை ஓட்ஸ் போட்டுக் குலுக்கினாள். டீக்கன் தலையைத் தூக்கியது. மறுபடி குலுக்கினாள். அவ்வளவுதான், நாலுகால் பாய்ச்சலில் வந்தது கிழட்டுக் குண்டன். தொட்டியருகே வந்ததும் வேகத்தை அடக்கி, பின்னங்காலை வயிற்றுக்கடியில் வாங்கி, வலது முன்னங்கால் முந்த, தொட்டியை வலப்பக்கமாக ஒட்டிச் சுற்றியது. தோள் சாயவில்லை. குலுக்கல் இல்லை. சுற்றி முடித்து நேராகக் கதவுக்கு வந்து வாளிக்குள் மூக்கை விட்டது.

இதைத்தான் அன்றைக்குப் பார்க்காமல் ஓடினாள். பார்த்திருந்தாலும் இதேபோல் வாளியை நிமிர்த்திக் கொடுத்திருப்பாள்.

வைனெல் கதவின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். நன்றாகவே அழுதாள், மூக்கைச் சிந்தி, தோள் குலுங்க. ட்ரெஸ்ஸா பக்கத்தில் வந்து நின்று, தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவள் சட்டைக் கையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள். டீக்கன் ஓட்ஸைத் தின்று முடித்து இன்னும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து வைனெல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று, கண்ணை மூடினாள். சாப்பாட்டு மேஜை இல்லை, சாப்பாடும் இல்லை, குதிரைக்குத்தான் விருந்து.

"ஆண்டவரே, ட்ரெஸ்ஸா நடக்குறா, நன்றி. டீக்கன் வலது பக்கம் நல்லாத் திரும்புறான், நன்றி. என் கண்ணைத் திருப்பிக் குடுத்தீர், நன்றி. இந்தப் பொண்ணை மன்னிக்கறதுக்கு எனக்கு ஒரு வாரம் டைம் குடும். ஆமென்."

"ஒரு வாரமா?" என்றாள் ட்ரெஸ்ஸா, கன்னமெல்லாம் ஈரமாக.

"அறுபது சட்டி நூடுல்ஸ்டி. ஒரு வாரம் ரொம்பக் கம்மி."

"நீங்க செஞ்சு குடுத்ததைத் தின்னுதான் எழுந்து நின்னேன், மிஸ் வைனெல். அதை ஒருநாளும் நான் உங்ககிட்ட ஒழுங்காச் சொன்னதில்ல. நன்றி."

"சரி சரி. நீல மூடிச் சட்டிய எடுத்துட்டு வா."

ட்ரெஸ்ஸா உள்ளே ஓடிப்போய்ச் சட்டியைக் கொண்டுவந்தாள். வைனெல் மூடியைத் திறந்து பார்த்து, தட்டிப் பார்த்து, திருப்திப்பட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். டீக்கனின் மூக்குக்கு அடியிலிருந்து வாளியை உருவி, மிச்சமிருந்த உமியை உதறி, நிமிர்த்திப் பிடித்து ட்ரெஸ்ஸாவிடம் நீட்டினாள்.

"இதுல தீவனம் போடு."

"டீக்கனுக்கா?"

"அவனுக்கு எதுக்கு, வெடிச்சிடுவான். நிக்கலுக்குடி."